பீட்டில்ஸ் ஆல்பங்களை மறுபடி முழுதாகக் கேட்க: முதலில் மிக்ஸ், அப்புறம்தான் எல்பியா சிடியா

அறுபதுகளின் பிரிட்டிஷ் ராக் குழுவான பீட்டில்ஸின் பழகிய இருபது பாட்டுகளையே பல வருடம் கேட்டுவிட்டு, ஒருநாள் ‘எல்லா ஆல்பத்தையும் வரிசையாகக் கேட்டுவிடலாம்’ என்று உட்காருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இதை மூன்று முறை முழுதாகச் செய்திருக்கிறேன். நண்பர்கள் சிலரையும் கூடவே உட்கார வைத்துப் பார்த்திருக்கிறேன். பாதியில் விட்டவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இடறினார்கள். முதல் வேலையாக டர்ன்டேபிள் வாங்கினார்கள், இல்லையென்றால் விலை கூடிய ஹெட்ஃபோன் வாங்கினார்கள். எந்த மிக்ஸைக் கேட்கப்போகிறோம் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

‘எல்பி தட்டில் கேட்டால்தான் அது பீட்டில்ஸ்’ என்று ஒருவரும் ‘சிடியே சுத்தம்’ என்று இன்னொருவரும் வாதாடுவதைக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அந்த இருவரும் கேட்டது ஒரே பாட்டின் இரண்டு வெவ்வேறு மிக்ஸ்கள். வித்தியாசம் தட்டிலும் இல்லை, சிடியிலும் இல்லை. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். எதில் கேட்பது என்ற கேள்வி ஆறாவது படியில்தான் வரும்.

1. மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

மிக்ஸ் என்பது தனித்தனி டிராக்குகளில் பதிவான குரல், கிதார், டிரம்ஸ் எல்லாவற்றையும் எது எவ்வளவு கேட்க வேண்டும், எந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்று முடிவுசெய்து ஒன்றாக்குவது. ரீமாஸ்டர் என்பது அந்த முடிவுகளை அப்படியே வைத்துக்கொண்டு, டேப்பிலிருந்து மறுபடி எடுத்துச் சுத்தம் செய்வது. ரீமிக்ஸ் என்றால் பழைய டிராக்குகளுக்கே திரும்பிப் போய் புதிதாக ஒன்றுசேர்ப்பது. எல்பி, சிடி, கேசட், ஸ்ட்ரீமிங் எல்லாம் இவற்றைச் சுமந்து வரும் பாத்திரங்கள்.

2009-இல் வந்தவை ரீமாஸ்டர்கள். 2017-இல் சார்ஜன்ட் பெப்பர், 2018-இல் ஒயிட் ஆல்பம், 2019-இல் ஆபி ரோடு, 2021-இல் லெட் இட் பி, 2022-இல் ரிவால்வர் என்று வந்தவை பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் கைல்ஸ் மார்ட்டின் செய்த ரீமிக்ஸ்கள். அட்டையில் இரண்டும் ஒரே படம்தான். கீழே சிறிய எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துப் பழகுங்கள்.

2. பட்டியலை முடிவு செய்யுங்கள்

அறுபதுகளில் அமெரிக்க நிறுவனம் பிரிட்டன் ஆல்பங்களைப் பிரித்து, பாட்டுகளைக் குறைத்து, மீதியைச் சேர்த்து வேறு ஆல்பங்களாக வெளியிட்டது. பிரிட்டன் ரிவால்வரில் 14 பாட்டுகள், அமெரிக்க ரிவால்வரில் 11. விடுபட்ட மூன்றும் குழுவின் நால்வரில் ஒருவரான ஜான் லெனன் பாடியவை. அமெரிக்கத் தட்டில் கேட்டுவிட்டு ‘இந்த ஆல்பத்தில் லெனன் பங்கு குறைவு’ என்று முடிவுக்கு வந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் காதில் பிழையில்லை, பட்டியலில்தான் பிழை.

எனவே பிரிட்டனில் வந்த 12 ஸ்டுடியோ ஆல்பங்கள், கூடவே மேஜிக்கல் மிஸ்டரி டூர், அப்புறம் பாஸ்ட் மாஸ்டர்ஸ். இவ்வளவுதான் பட்டியல். சிங்கிள்களாக வந்து ஆல்பத்தில் சேராத பாட்டுகள் உட்பட 33 பதிவுகள் பாஸ்ட் மாஸ்டர்ஸில் இருக்கின்றன. அதைத் தனி ஆல்பமாகக் கடைசியில் கேட்காதீர்கள். தேதி பார்த்து இடையிடையே செருகுங்கள். ‘பேப்பர்பேக் ரைட்டர்’, ‘ரெயின்’ இரண்டும் ரிவால்வருக்கு முன்னால், ‘ஹே ஜூட்’ ஒயிட் ஆல்பத்துக்கு முன்னால். அவர்கள் ஒவ்வொரு சில மாதத்திலும் எவ்வளவு தூரம் நகர்ந்தார்கள் என்பது அப்போதுதான் பிடிபடும்.

இதில் ஒன்று குறிப்பாகத் தவறிப்போகும். ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபார்எவர்’, ‘பென்னி லேன்’ இரண்டும் 1967 பிப்ரவரியில் சிங்கிளாக வந்தவை. இன்று அவை மேஜிக்கல் மிஸ்டரி டூரில் இருப்பதால் எல்லோரும் சார்ஜன்ட் பெப்பருக்குப் பிறகு கேட்கிறார்கள். முன்னால் கேட்க வேண்டும். அந்த இரண்டையும் தாண்டித்தான் அவர்கள் பெப்பருக்குள் போனார்கள்.

யெல்லோ சப்மரீன் ஆல்பத்தில் புதிய பீட்டில்ஸ் பாட்டு நான்குதான். இரண்டாம் பக்கம் முழுவதும் ஜார்ஜ் மார்ட்டினின் வாத்தியக்குழு இசை. முதல் சுற்றில் அந்த நான்கு பாட்டு போதும்.

லெட் இட் பி பெரும்பகுதி 1969 ஜனவரியில் பதிவானது. வெளிவந்தது 1970 மே 8. ஆபி ரோடு அதற்குப் பிறகு பதிவாகி, 1969 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. நான் லெட் இட் பியை முன்னால் வைத்து ஆபி ரோட்டில் முடிப்பேன். வெளியான வரிசையில் கேட்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் முதல் சுற்றிலேயே ஒன்றை முடிவு செய்துகொண்டு போங்கள்.

3. கேட்கும் கருவியின் செட்டிங்கை மாற்றுங்கள்

ஸ்ட்ரீமிங் செயலியோடு தொடங்குவதில் ஒரு குறையும் இல்லை. 2015 டிசம்பர் 24 முதல் பீட்டில்ஸ் எல்லா முக்கிய சேவைகளிலும் கிடைக்கிறது. ஆனால் செயலி வந்தபடியே இருந்தால் ஆல்பம் கெட்டுவிடும்.

ஷஃபிளை அணையுங்கள். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு குழைக்கும் கிராஸ்ஃபேடை அணையுங்கள். இடைவெளியில்லாமல் ஓடும் கேப்லெஸ் வசதியைப் போடுங்கள். சார்ஜன்ட் பெப்பரின் முதல் இரண்டு பாட்டுகளும், ஆபி ரோடு இரண்டாம் பக்கத்தில் கோத்து வைத்திருக்கும் குறும்பாட்டுகளும் ஒன்றுக்குள் ஒன்று ஓடுபவை. நடுவில் அரை வினாடி அமைதி விழுந்தாலும் கோவை அறுந்துவிடும்.

ஆல்பம் முடிந்ததும் தானாக வேறு பாட்டு போடும் ஆட்டோபிளேயைக் கட்டாயம் நிறுத்துங்கள். சார்ஜன்ட் பெப்பரின் கடைசி பியானோ ஒலி 40 வினாடிக்கும் மேல் தேய்ந்துகொண்டே போகிறது. ஒலி தேயத் தேயப் பதிவின் அளவை உயர்த்திக்கொண்டே போனதால், கடைசியில் ஒரு நாற்காலி கிறீச்சிடுவதுகூட மெலிதாகக் கேட்கும். அந்த இடத்தில் சம்பந்தமில்லாத பாட்டு ஒன்று வந்து விழுவதைப்போல எரிச்சல் வேறில்லை.

ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், ‘3டி ஒலி’ என்று போனில் இருப்பதெல்லாம் வேண்டாம். புளூடூத் ஹெட்ஃபோனா வயர் ஹெட்ஃபோனா என்பது இந்தக் கட்டத்தில் பெரிய விஷயம் இல்லை. ஹெட்ஃபோனா ஸ்பீக்கரா என்பது பெரிய விஷயம். ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

4. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் மிக்ஸைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வழிகாட்டியின் உயிர்நாடி இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

முதல் இரண்டு ஆல்பங்கள் இரண்டு டிராக் டேப்பில் பதிவானவை. பாட்டுக்குரல் பெரும்பாலும் ஒன்றில், வாத்தியங்கள் மற்றதில். பிறகு இரண்டையும் சரியான அளவில் கலந்து, இரு காதிலும் ஒரே ஒலி கேட்கும் மோனோ ஆக்குவதற்காகத்தான் அப்படிப் பிரித்துப் பதிந்தார்கள். அதையே, இரு காதிலும் வெவ்வேறு ஒலி கேட்கும் ஸ்டீரியோ என்று வெளியிட்டபோது குரல் ஒரு காதிலும் வாத்தியம் மறு காதிலும் போய் உட்கார்ந்துகொண்டது. ஸ்ட்ரீமிங்கில் முதலில் கண்ணில் படுவது 2009 ஸ்டீரியோ ரீமாஸ்டர். ஹெட்ஃபோனில் அதைக் கேட்கும் புதியவர்கள் ‘ஒரு பக்கம் பழுதாகிவிட்டதா’ என்று கேபிளை ஆட்டிப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். பிளீஸ் பிளீஸ் மீ ஆல்பத்தின் 10 பாட்டுகள் 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிவானவை. நால்வரும் ஒரே அறையில் நின்று பாடிய அந்த வேகம் மோனோவில்தான் முகத்தில் அடிக்கும்.

ஆகவே முதல் நான்கு ஆல்பங்களுக்கு மோனோ. இதில் செலவைக் குறைக்க ஒரு வழி: 1987-இல் முதன்முதலாக வந்த சிடிக்களில் இந்த நான்கும் மோனோதான். ‘பழைய சிடி, ரீமாஸ்டர் இல்லை’ என்று பலர் இவற்றைக் கழித்துவிடுகிறார்கள். கிடைத்தால் விடாதீர்கள்.

சிடியும் இல்லை, ஸ்ட்ரீமிங் மட்டும்தான் என்றால், போனின் அணுகல்தன்மை அமைப்பில் உள்ள மோனோ ஆடியோவைப் போட்டுக்கொள்ளலாம். முதல் இரண்டு ஆல்பங்களுக்கு அது ஓரளவு அருகில் வரும். ஆனால் இந்த உபாயத்தை மற்ற ஆல்பங்களுக்கு நீட்டாதீர்கள். ஸ்டீரியோ மிக்ஸை ஒன்றாகக் குவித்தால் கிடைப்பது மோனோ மிக்ஸ் ஆகாது. இரண்டும் தனித்தனியாக, வேறு நேரத்தில், வேறு முடிவுகளோடு செய்யப்பட்டவை. நான் பார்த்ததில் மிக அதிகம் பேர் செய்யும் பிழை இது.

ஹெல்ப்!, ரப்பர் சோல் இரண்டுக்கும் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. 1987 சிடிக்காக ஜார்ஜ் மார்ட்டின் இவற்றை மறுபடி ஸ்டீரியோ மிக்ஸ் செய்தார். 2009 ஸ்டீரியோவிலும் அந்த மிக்ஸ்தான் இருக்கிறது. 1965-இன் அசல் ஸ்டீரியோ வேண்டுமானால் அது 2009-இல் வந்த மோனோ சிடி தொகுப்புப் பெட்டியில், அதே சிடிக்களில் மோனோவுக்குப் பின்னால் சேர்க்கப்பட்டிருக்கிறது. என் தேர்வு இங்கும் மோனோ.

ரிவால்வருக்கு மோனோ, இல்லையென்றால் 2022 ரீமிக்ஸ். ‘டாக்ஸ்மேன்’ போன்ற பாட்டில் கிதார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் ஒரே டிராக்கில் அடைந்து கிடந்தன. பிரித்து வைக்க வழியில்லை. திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருளால் அவற்றைப் பிரித்தெடுத்த பிறகுதான் ரீமிக்ஸே சாத்தியமானது. ஹெட்ஃபோனில் மட்டும் கேட்பவர்களுக்கு இதையே சொல்வேன்.

சார்ஜன்ட் பெப்பரில்தான் மோனோவின் அருமை முழுதாகத் தெரியும். நால்வரும் அக்கறையோடு கூடவே இருந்து செய்தது மோனோ மிக்ஸ். ஸ்டீரியோ அதற்குப் பிறகு விரைவாக முடிக்கப்பட்டது. ‘ஷி’ஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் வேகமாகவும் சுருதி உயர்ந்தும் ஓடுகிறது. ஸ்டீரியோவில் அது இழுத்துக்கொண்டு போகும் சோகம்; மோனோவில் அதே சோகத்துக்கு ஒரு படபடப்பு இருக்கிறது. மோனோ கிடைக்காவிட்டால் 2017 ரீமிக்ஸை எடுங்கள், மோனோவை வழிகாட்டியாக வைத்துச் செய்தது அது.

மேஜிக்கல் மிஸ்டரி டூரில் ‘ஐ ஆம் த வால்ரஸ்’ பாட்டை ஸ்டீரியோவில் கேட்டால், நடுவில் திடீரென்று ஒலி ஒடுங்கி மங்கும். கருவிக் கோளாறு இல்லை. மோனோ மிக்ஸ் செய்துகொண்டிருந்தபோதே நேரலை வானொலி ஒலிபரப்பை அதில் கலந்தார்கள். அந்த ஒலிபரப்பு வேறு எந்த டிராக்கிலும் இல்லை. அதனால் பழைய ஸ்டீரியோ மிக்ஸில் அந்த இடத்திலிருந்து மோனோவையே போலி ஸ்டீரியோ ஆக்கி ஒட்டியிருக்கிறார்கள்.

ஒயிட் ஆல்பத்தில் வரிசை மாறுகிறது. இங்கே ஸ்டீரியோ அல்லது 2018 ரீமிக்ஸ் முதலில், மோனோ இரண்டாம் சுற்றில். ‘ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர்’ முடிவில் டிரம்ஸ் வாசிக்கும் ரிங்கோ விரல் கொப்புளம் பற்றிக் கத்துவது ஸ்டீரியோவில் உண்டு, மோனோவில் கிடையாது.

ஆபி ரோடு, லெட் இட் பி இரண்டுக்கும் மோனோ மிக்ஸே இல்லை. ஆபி ரோட்டுக்கு 2009-ஓ 2019-ஓ எதுவானாலும் சரி. லெட் இட் பிக்கு மட்டும் முதலில் 1970 வடிவத்தைக் கேளுங்கள். தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் சேர்த்த வாத்தியக்குழுவும் சேர்ந்திசையும் பிடிக்கவில்லையென்றால், அவற்றை நீக்கி 2003-இல் வந்த நேக்கட் பதிப்புக்குப் போகலாம். நேக்கடை முதலில் கேட்டுவிட்டால் எது நீக்கப்பட்டது என்றே தெரியாமல் போய்விடும்.

5. பக்கம் பக்கமாகக் கேளுங்கள்

இந்த ஆல்பங்கள் எல்லாம் இரண்டு பக்கத் தட்டுக்காக அடுக்கப்பட்டவை. ஸ்ட்ரீமிங்கிலும் சிடியிலும் கேட்டாலும் முதல் பக்கம் முடியும் இடத்தில் நிறுத்தி, எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

ஆபி ரோட்டில் இது ஏன் தேவை என்று உடனே புரியும். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ஏழு நிமிடத்துக்கும் மேல் கனத்துக்கொண்டே போய், கத்தரித்ததுபோல் சட்டென்று அறுபடுகிறது. அதன் பிறகு தட்டைத் திருப்பிப் போடும் வரை அமைதி. பிறகுதான் ‘ஹியர் கம்ஸ் த சன்’ கிதார். சிடியில் இரண்டும் அடுத்தடுத்து வந்து விழுவதால் அந்த விடியல் காணாமல் போகிறது.

ஒரு மாலைக்கு ஓர் ஆல்பம் போதும். ஒயிட் ஆல்பம் 30 உருப்படி, ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல்; அதை இரண்டு மாலையாகப் பிரியுங்கள். வார இறுதியில் ஐந்து ஆல்பம் என்று திட்டமிட்டவர்கள் யாரும் ரப்பர் சோலைத் தாண்டியதை நான் பார்த்ததில்லை.

6. இப்போது எதில் கேட்பது என்று முடிவு செய்யுங்கள்

ஒரு சுற்று முடிந்ததும் எந்த மிக்ஸ் உங்களுக்குப் பிடித்தது என்று தெரிந்திருக்கும். அது எதில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள்.

மோனோ பிடித்திருந்தால் 2009 மோனோ சிடி பெட்டி, அல்லது 2014 மோனோ எல்பிகள். இந்த எல்பிகள் டிஜிட்டலுக்குப் போகாமல் டேப்பிலிருந்து நேராக வெட்டப்பட்டவை. ‘அனலாக்’ என்று மனதில் நினைத்துக்கொண்டு பீட்டில்ஸ் எல்பி வாங்குபவர்கள் தேட வேண்டியது இவற்றைத்தான்.

2009 ஸ்டீரியோவே பிடித்திருந்தால் எல்பி வாங்க அவசரப்பட வேண்டாம். 2012-இல் வந்த ஸ்டீரியோ எல்பிகள் அந்த 2009 டிஜிட்டல் ரீமாஸ்டரிலிருந்து வெட்டப்பட்டவை. சிடியில் கேட்பதையே, தட்டின் சரசரப்பையும் சேர்த்துக் கேட்பீர்கள். பெரிய அட்டையும் ஊசியை இறக்கும் சுகமும் வேண்டும் என்றால் அது நியாயமான ஆசை. ஒலி கூடும் என்று எண்ணி வாங்கினால் ஏமாறுவீர்கள்.

கேசட் வைத்திருப்பவர்கள் அதைப் பட்டியலின் மூலமாக வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பக்க நீளத்தையும் சமமாக்க கேசட்டில் பாட்டு வரிசையை மாற்றும் வழக்கம் இருந்தது. மலரும் நினைவுக்காகக் கேட்கலாம்.

7. பழைய எல்பி வாங்குவதென்றால்

பிரிட்டன் தட்டுகளில் எண் பிஎம்சி என்று தொடங்கினால் மோனோ, பிசிஎஸ் என்றால் ஸ்டீரியோ. விற்பவரிடம் அட்டையின் படம் மட்டும் கேட்காதீர்கள், லேபிளின் படமும் கேளுங்கள். அட்டையும் தட்டும் மாறிக் கிடப்பது சாதாரணம். அமெரிக்க மேஜிக்கல் மிஸ்டரி டூர் ஸ்டீரியோ தட்டில் ‘பென்னி லேன்’ உட்படச் சில பாட்டுகள் போலி ஸ்டீரியோ என்பதையும் மனதில் வையுங்கள்.

நம் ஊர்ச் சேகரிப்புகளிலிருந்து வரும் தட்டுகளில், கீறலைவிட உள்ளுறையில் படிந்த பூஞ்சைதான் அதிகத் தொல்லை. வாங்கியவுடன் பிளேயரில் போட்டுவிடாதீர்கள். தூசியோடு ஓட்டினால் ஊசி அதைப் பள்ளத்துக்குள்ளேயே அரைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் மெல்லிய துணியும் கொண்டு பள்ளத்தின் போக்கில் துடைத்து, நிழலில் உலர்த்தி, புதிய உள்ளுறையில் போடுங்கள். பழைய உறையிலேயே திரும்ப வைத்தால் செய்த வேலை வீண்.

ஊசியின் அழுத்தத்தை, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே வையுங்கள், பெரும்பாலும் 1.5 முதல் 2.5 கிராமுக்குள் இருக்கும். ‘தட்டு தேயக்கூடாது’ என்று குறைத்து வைப்பவர்கள் உண்டு. அழுத்தம் குறைந்தால் ஊசி பள்ளத்தில் துள்ளி, சுவரை இன்னும் அதிகமாகக் கெடுக்கும். சூட்கேஸ் வடிவ மலிவு பிளேயரில் இந்த அழுத்தத்தைச் சரிசெய்யவே வழியிருக்காது. நல்ல தட்டை அதில் போடாதீர்கள்.

8. ஒப்பிட்டுக் கேட்கும்போது

இரண்டு பதிப்பில் எது மேல் என்று பார்க்கும்போது ஒலி அளவைச் சமமாக வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கொஞ்சம் சத்தமாக இருப்பது காதுக்கு எப்போதும் நன்றாகவே தோன்றும். புதிய பதிப்புகள் பெரும்பாலும் சத்தம் கூடியவை என்பதால் இந்த ஒரு படியைச் செய்யாமல் விட்டவர்கள் எல்லோரும் ‘புதியதே மேல்’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

முழு ஆல்பத்தையும் மாற்றி மாற்றிக் கேட்காதீர்கள். முப்பது வினாடித் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல் வேறொருவரை மாற்றிப் போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இப்படிச் செய்தபோது, எல்பிதான் உயிர் என்றிருந்த நண்பர் ஐந்து முறையில் நான்கு முறை மோனோ சிடியைத் தேர்ந்தெடுத்தார். அவர் இத்தனை நாள் ரசித்தது மோனோவை என்று அன்றைக்குத்தான் அவருக்கும் தெரிந்தது.

9. ஒத்திகைப் பதிவுகள் கடைசியில்

ஆன்தாலஜி தொகுப்புகளையும் பெரிய பெட்டிகளில் வரும் டேக்குகளையும் (ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிந்த முயற்சிகள்) முதல் சுற்றில் தொடாதீர்கள். முடிந்த பாட்டு காதில் பதிந்த பிறகுதான் முடியாத பாட்டில் என்ன நடக்கிறது என்று கேட்கும்.

தொடங்குவதற்கு நல்ல இடம் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்’. வெளியான பாட்டு இரண்டு டேக்குகளின் ஒட்டு. டேக் 7 மென்மையானது; டேக் 26 வேறு வேகம், வேறு சுருதி, செல்லோவும் டிரம்பெட்டும் கொண்டது. டேப்பின் வேகத்தை மாற்றி இரண்டையும் பொருத்தினார்கள். இரண்டும் தனித்தனியாக 2017 சார்ஜன்ட் பெப்பர் பெட்டியில் இருக்கின்றன. முதலில் டேக் 7, பிறகு டேக் 26. அதன் பிறகு வெளியான பாட்டைப் போட்டு, முதல் நிமிடம் முடியும் இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு இருங்கள். தையல் அங்கேதான் இருக்கிறது.